தாத்தா எழுதிய இங்கிலீஷ்

சேரப்பணஞ்சேரி,
10.9.2023

அம்மாடி தென்றல்,

இங்கே நான் நலம். காது மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. இடது பக்கம் கொஞ்சம் மிச்சமிருந்தது, அதுவும் ஆடி மாசத்தோடு அடங்கிவிட்டது. அத்தனை வருஷம் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற மிஷின் பக்கத்தில் நின்ற காது, வேறென்ன செய்யும்? இனிமேல் லைனில் நிற்பது ஆபத்து என்று சொல்லி கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கிறேன். போனில் எழுத்தைத் தட்ட இந்த விரலுக்கு வரவில்லை. ஆகவே இனி தபால்தான்.

நீ வீடியோவில் பேசும்போது வாயசைவை வைத்துப் பாதி பிடித்துக்கொள்கிறேன். பேத்தி ஜோதி பேசினால் ஒன்றும் பிடிபடவில்லை. போன வாரம் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். நான் சிரித்துத் தலையாட்டினேன். திரும்பவும் கேட்டாள். திரும்பவும் சிரித்தேன். எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் காது விஷயத்தை அவளிடம் சொல்லாதே. செவிட்டுத் தாத்தா என்று பிள்ளை மனசில் பதிய வேண்டாம். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு அவளுக்குக் கடிதம் எழுதுகிறேன். நம் தெரு பூர்ணிமா, படப்பையில் செல்போன் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் எடுக்கிறாள். இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள்தான் எல்லாரும். நம் ராக்கெட் நிலாவில் இறங்கியதை எல்லாரும் பார்த்தார்கள் இல்லையா, அதனால் நிலாச் செய்தியை வைத்தே வார்த்தை சொல்லிக்கொடுக்கிறாள். ஜோதிக்கும் எந்நேரமும் நிலாதான் என்று நீ சொன்னாயே, எனக்கு இது போதும். முதல் பெஞ்சில் உட்கார்ந்து போர்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். லேண்டர், ஆர்பிட், கிரேட்டர். கிரேட்டர் என்றால் பள்ளம். நம் ஒரகடம் ரோட்டிலேயே நிறைய இருக்கிறது.

ஜோதி என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு வளர்ந்தாள், எல்லாம் எழுது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அப்பா,
நாகப்பன்


லெஸ்டர்,
8.10.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது! வாசலிலேயே நின்று படித்தேன். பஸ்ஸை விட்டுவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி காதைப் பற்றி ஜோதியிடம் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் இஷ்டம். நிலாவில் தூங்கப்போன ரோவர் வண்டி திரும்பக் கண் விழிக்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ராத்திரி ரொம்பக் குளிர், அது என்ன செய்யும் என்று சமாதானம் சொன்னேன். போர்வை ஏன் கொடுத்து அனுப்பவில்லை என்று கேட்கிறாள்.

எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை அதிகம். ஷிப்ட் மாறி மாறி வருகிறது. அவர் நலம். உங்களுக்குச் சமையல் யார்? சித்தி வந்து போகிறார்களா?

அன்பு மகள்,
தென்றல்


சேரப்பணஞ்சேரி,
17.12.2023

அம்மாடி தென்றல்,

கிளாஸில் நான்தான் வாத்தியார் சொல்பேச்சு கேட்காத ஒரே மாணவன் என்று பூர்ணிமா கிண்டல் செய்கிறாள். அதையும் போர்டில் எழுதித்தான் காட்டினாள். பின் பெஞ்சு ஹேமந்த் ஒரு காகிதத்தில், "இன்னா தாத்தா, நிலாவுல ஓவர்டைம் உண்டா?" என்று எழுதி நீட்டினான். "அங்க ஒரு பகலே ரெண்டு வாரம் கீதுடா, சூப்பர்வைசர் உன்னைச் சும்மா வுடுவானா?" என்றேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தமில்லாமல் சிரிப்பைப் பார்ப்பது விநோதமாக இருக்கிறது. இருந்தாலும் நல்லாத்தான் இருந்தது.

கிராவிட்டி என்ற வார்த்தை வந்துவிட்டது. சர்ஃபேஸ் வந்துவிட்டது. வாக்கியம்தான் உடைந்து உடைந்து வருகிறது. சித்திரைக்கு ஜோதியை அழைத்துக்கொண்டு வா. அதற்குள் நேரிலேயே பேசுவேன். கண்ணாடி முன்னால் நின்று வாயை வைத்துப் பழகுகிறேன்.

குழந்தை ஏன் வீடியோவில் இப்போதெல்லாம் வருவதே இல்லை? ஒவ்வொரு தடவையும் தூங்குகிறாள் என்கிறாய். பாட்டு கிளாஸ் என்கிறாய். அவள் போட்டோ ஒன்று அனுப்பு. சட்டை அளவும் அனுப்பு, பட்டுப்பாவாடை தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா


லெஸ்டர்,
20.2.2024

அன்புள்ள அப்பா,

பாவாடை தைக்க வேண்டாம். சித்திரைக்கு நாங்கள் வரவில்லை.

இதை எழுதாமல் எத்தனையோ நாள் தள்ளிப்போட்டேன். விஜயராகவனும் நானும் போன கோடையிலேயே பிரிந்துவிட்டோம். அவர் கெட்டவர் இல்லை அப்பா. அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்கப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். என் வேலை நேரம் இப்படி இருப்பதால் ஜோதி அவரோடு இருக்கிறாள். சனி, ஞாயிறு என்னிடம் வருவாள். நீங்கள் கூப்பிட்ட நேரங்களில் அவள் தூங்கவில்லை. இந்த வீட்டிலேயே இல்லை.

இப்போது அவருக்குக் கனடாவில் வேலை கிடைத்திருக்கிறது. ஜோதியை அழைத்துப்போகிறார். கோர்ட்டுக்குப் போய் நான் தடுக்கலாம் என்றார்கள். அவளிடமே கேட்டேன். "அப்பாகூடப் போகட்டுமா, அம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஏழு வயசுப் பிள்ளை என் முகம் வாடாமல் பார்த்துப் பேசுகிறது. நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று சொல்கிறேன். உங்கள் கடிதம் எல்லாவற்றிலும் ஜோதி எப்படி, ஜோதி எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி கேட்டிருந்தால் முன்னாடியே சொல்லியிருப்பேனோ என்னவோ.

மே மாதக் கடைசியில் கிளம்புகிறார்கள்.

தென்றல்


சேரப்பணஞ்சேரி,
16.3.2024

என் கண்ணே தென்றல்,

உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சின்னப்பொண்ணு சித்தி வந்து தோளைத் தொட்டு, "இன்னா மாமா, யாருக்கு இன்னா?" என்று கேட்டது உதட்டில் தெரிந்தது. கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு அழுதாள். உன்னைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. மாப்பிள்ளையையும் இல்லை. நீ கேட்டதுதான் நெஞ்சில் நிற்கிறது. நான் கேட்டிருக்க வேண்டும்.

குழந்தை போவதற்குள் அவளுக்கு என் கடிதம் போய்ச் சேர வேண்டும். இதோடு வைத்திருக்கிறேன். பூர்ணிமா திருத்தித் தருகிறேன் என்றாள். "நீ திருத்துனா அது உன் இங்கிலீஷ் ஆயிடும்மா, வேணாம்" என்று சொல்லிவிட்டேன். காது விஷயத்தை நானே அவளிடம் எழுதிவிட்டேன். மறைத்தது போதும். நீயும் பார்த்துவிடு என்று அதையே தமிழ் எழுத்தில் கீழே எழுதுகிறேன்.

டியர் ஜோதி. ஐ ஆம் தாத்தா. மூன் ஹேஸ் நோ ஏர். நோ ஏர், சோ நோ சவுண்ட். மை இயர் ஆல்சோ நோ சவுண்ட். பிக் மிஷின், லாங் டைம். யூ ஆஸ்க், ஐ நாட் ஹியர். ஐ ஒன்லி ஸ்மைல். ஸாரி. லேண்டர் கம் டவுன் ஸ்லோ ஸ்லோ. தாத்தா லேர்ன் இங்கிலீஷ் ஸ்லோ ஸ்லோ. யூ ரைட், ஐ ரீட்.

இதற்குமேல் எனக்கு வார்த்தை தெரியவில்லை. நிலாவைப் பற்றி என்றால் இன்னும் எழுதுவேன். அவள் நல்லா இருக்க வேண்டும் என்று எழுத முயன்றேன். அந்த வார்த்தைகள் இன்னும் பாடத்தில் வரவில்லை.

நீ சாப்பிடுகிறாயா? தனியாக எப்படி இருக்கிறாய்?

அப்பா


லெஸ்டர்,
6.6.2024

அன்புள்ள அப்பா,

போய்விட்டார்கள்.

ஏர்போர்ட்டுக்கு நானும் காரில் போனேன். கொடுக்கத் தைரியம் வராமல் வைத்திருந்த உங்கள் கடிதத்தை அங்கே போகிற வழியில்தான் கொடுத்தேன். முதலில் நீங்கள் எழுதியதைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் சத்தமாகப் படித்தாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "தாத்தாவுக்குக் காது கேட்காதா?" என்றாள். கேட்காது என்றேன். "ஏன் யாரும் சொல்லலை? தாத்தாவுக்கு என்னைப் பிடிக்காதுன்னு நினைச்சேன். நான் கேட்டா பதிலே சொல்ல மாட்டார். சும்மா சிரிப்பார்" என்றாள். அவர் வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

தாத்தாவுக்குக் கட்டாயம் எழுதுவேன் என்றாள். உள்ளே போகும்போது என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை, அவர்தான் பிரித்து அழைத்துப்போனார்.

உங்களிடம் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். அந்தக் கடிதத்தை அவள் எடுத்துப்போகவில்லை. அவர் விட்டுப்போன காரை நான் ஓட்டித் திரும்பியபோது பின் சீட்டில் கிடந்தது. குழந்தைதானே, அவசரத்தில் மறந்திருப்பாள். என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வீட்டு விலாசம் இன்னும் அவர்களுக்கே நிலையாகவில்லை. வந்ததும் அனுப்புகிறேன்.

அவள் அறையில் ஒட்டியிருந்த நிலாப் படத்தை எடுக்க மனம் வரவில்லை. கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். நன்றாக இல்லை அப்பா.

தென்றல்


சேரப்பணஞ்சேரி,
30.6.2024

என் கண்ணே,

ஹேமந்துக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்துவிட்டது. லட்டு கொண்டுவந்து கொடுத்தான். பூர்ணிமா நிலாப் பாடத்தை முடித்துவிட்டு, இன்டர்வியூவில் எப்படிப் பதில் சொல்வது என்று ஆரம்பித்திருக்கிறாள். நான் போன வாரத்தோடு நின்றுவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. விலாசம் வந்தால் திரும்பப் போவேன்.

ஜோதி எழுதுவாள், எழுதாமலும் போவாள். இரண்டுக்கும் மனசைத் தயார்செய்துகொண்டேன். அவள் என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்த காலத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கௌரவம் பார்த்து நான் செய்த வேலை.

வடக்கு அறையைச் சுத்தம் செய்து வெள்ளையடித்துவிட்டேன். ஜன்னலுக்குப் புதுக் கதவு போட்டாகிவிட்டது. லீவு கேட்டுப் பார். ஒரு மாசம் கொடுத்தால் ஒரு மாசம், ஒரு வாரம் கொடுத்தால் ஒரு வாரம். இங்கே வந்து நீ ஒன்றும் பேச வேண்டாம். தூங்கு. பேசத் தோன்றினால் என் எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசு, முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வேன். உன்னோடு பேச நான் எந்தப் பாஷையும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை.

வா, அம்மாடி.

அப்பா