பெயிண்ட் கடைக்குப் பக்கத்துச் சுவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று வைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழை வெயிலைப் பேசி வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம். மாமாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. மாடிவீட்டு அக்கா நீ என்ன படிக்கிறாய் என்று மறுபடி கேட்டாள், இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எது எப்போது கெட்டுப்போகும் என்று கணக்குப் போடுகிற படிப்பு என்றேன், அப்படியென்றால் அவள் வாஷிங் மெஷினைப் பற்றிக் கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

கடை விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். பெயிண்ட் கடை எரிந்த அன்று நம் மெத்தைக் கடைக்குள் நெருப்பு வரவில்லை, தீயணைப்பு வண்டி அடித்த தண்ணீர்தான் வந்தது, பின் அறையில் இருந்த ஃபோம் எல்லாம் ஊறிப் போனது. அதற்கு இன்சூரன்ஸ்காரர்கள் இழுத்தடிக்காமல் கொடுத்துவிட்டார்கள், குறை சொல்லக் கூடாது. பாலிசி முடிந்து புதுப்பிக்க வேண்டிய நேரத்தில்தான் அவர்களுடைய சர்வேயர் வந்தார், நல்ல மனிதர், பெயிண்ட் கடைக்கும் நமக்கும் பொதுவான சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், அப்பா இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்காராமலே, "உங்க கடையில ஒரு தப்பும் இல்ல சார், இந்த வரிசைக் கடை எதுவுமே வேண்டாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க" என்றார். மற்றக் கம்பெனிகளிலும் அப்பா ஏறி இறங்கினார், எங்கேயும் அதே பதில். பாலிசி இல்லாமல் சரக்குக் கடனைப் புதுப்பிக்க முடியாது என்று பேங்கில் கையை விரித்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் தீப்பிடிக்காத கடையை ஏன் தள்ளுகிறார்கள் என்று அப்பா உன்னிடம் கேட்டார். நீயும் பொறுமையாகத்தான் சொன்னாய், "பாலிசிங்கிறது ஒரு வருஷத்துக்குத்தான்பா, வருஷா வருஷம் புதுசா பார்ப்பாங்க. ஒரே கூரைக்குக் கீழ இருக்குற கடையெல்லாம் ஒரே நெருப்புல போயிடும், அதனால ஒண்ணாத்தான் எண்ணுவாங்க, நானா இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்" என்று. கடைசி வார்த்தையை விழுங்கியிருக்கலாம். "நீயும் அவங்க பக்கம்தானா" என்று கேட்டுவிட்டுப் போனை என் கையில் திணித்துவிட்டுப் போனவர் இன்றுவரை உன் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது நீ பரீட்சைக்குப் பெயர் கொடுக்கவில்லை, புத்தகத்தைத் திறந்தால் அப்பா முகம்தான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். ஏற்கெனவே இரண்டு தடவை கைவிட்டுப் போன பேப்பர். நஷ்டம் நடந்து முடிந்திருக்கும், இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு இன்னும் தகவல் வந்திருக்காது, அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ஒரு நாள் எனக்கு விளக்கினாயே, நமக்கு அப்படி ஒதுக்கி வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். நீ படிப்பை விட்டால் கடை திரும்பி வராது, படித்து முடித்தாலும் வராது. அதனால் எங்களைச் சாக்காக வைத்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை அப்பா கடைச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிடுகிறார். கடையில் தைக்கிற அக்காவிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியாகிவிட்டது, அவள் தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அப்பா மட்டும் தினமும் போய் ஷட்டரைத் தூக்கிவிட்டு வெறும் அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். இந்த வயதில் இன்னொரு கடை வைப்பார் என்று நான் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. இதற்காக நீ லீவு போட்டுக்கொண்டு வராதே, வந்து பார்க்க ஒன்றும் இல்லை.

எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. ஹீட்டரை அணைத்துவிட்டுப் படு. பெயர் கொடுக்கக் கடைசித் தேதி தாண்டிவிடப் போகிறது, பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா

அவளுக்கு ஏதாவது எழுதுகிறீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். "கொஞ்சம் இடம் விடு" என்றார். கீழே விட்டிருக்கிறேன். நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுவேன், காலியாகவே வந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே.