என் புருஷன் செத்துப் பிழைத்த கதை

12.2.2007, திங்கள்

ரேஷனில் பாமாயில் தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கர்ணனைப் பார்க்க இன்னும் மூன்று பேர். தேவதானப்பட்டியில் இருந்து அவன் சித்தப்பா மகன் பஸ் ஏறி வந்திருக்கிறார். எல்லோருக்கும் டீ போட்டேன்.

புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்வதில்லை. இதில் எழுதுவேன். உரக்கடையில் தோட்டத்து முதலாளி சீனிச்சாமிக்குக் கொடுத்த டைரி இது. தனக்கு எதற்கு என்று என்னிடம் கொடுத்தார். நான் பத்தாவது படித்ததற்கு இதுவாவது மிஞ்சியது.

கதை இன்றைக்கு இன்னும் வளர்ந்துவிட்டது. போன வாரம் வெறுமனே கண் இருட்டியது என்றான். இன்று எருமை வந்தது, கழுத்தில் கயிறு விழுந்தது, கருப்பசாமி குறுக்கே அரிவாளோடு வந்து நின்றார். வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நடந்ததை நானாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ஜனவரி 29. திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்து செய்து முடித்து, கர்ணனும் மற்ற ஆட்களும் மொட்டு மருந்து வைத்தார்கள். எல்லா மொட்டும் ஒன்றுபோல வெடிக்க வேண்டும் என்று பஞ்சில் நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றுகிற மருந்து. பந்தல் தலைக்கு மேலே இருப்பதால் கையைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். மருந்து முழங்கை வழியாக அக்குள்வரை ஒழுகும். யாருக்கும் கையுறை கிடையாது. வேலை முடிந்த சாயங்காலம், தோட்டத்து மூலையில் இருக்கும் கருப்பசாமிக்கு ஒரு பாட்டிலைப் படைத்துவிட்டு ஆட்கள் பங்கு போட்டுக் குடிப்பது வழக்கம். அன்று கர்ணனுக்குப் பொறுக்கவில்லை. படைப்பதற்கு முன்பே திறந்து பாதியைக் குடித்துவிட்டான். அரை மணியில் முகமும் நெஞ்சும் செக்கச் செவேலென்று ஆகி, மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து விழுந்தான். சாமி அடித்துவிட்டது என்று மற்றவர்கள் ஓட்டம்.

அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நானும் என் தம்பி ஈஸ்வரபாண்டியும். கதையில் நாங்கள் இரண்டு பேரும் வருவதில்லை.

14.2.2007

அன்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னதை இன்று கஞ்சி ஊற்றும்போது அவனிடம் சொன்னேன். அந்த மருந்து தோல் வழியாக உள்ளே போய்விடுமாம். மருந்து வைத்தால் மூன்று நாளைக்குக் குடிக்கவே கூடாதாம். இரண்டும் சேர்ந்தால் விஷம். அடுத்த தடவை பிழைக்க மாட்டார் என்றாள்.

செம்பு பறந்து வந்தது.

"சாமி அடிச்சத மருந்து அடிச்சுச்சுங்கிற? கருப்பன் காதுல விழுந்தா என்னைய விட்டு வப்பானா?"

படைக்காமல் குடித்ததுதான் குற்றமாம். முதலில் சாமிக்கு ஊற்றிவிட்டால் ஒன்றும் ஆகாதாம்.

15.2.2007

உதடு வீக்கம். கதவு இடித்துவிட்டது என்று சொன்னேன்.

20.3.2007

குலையில் நெருக்கமான பிஞ்சுகளைக் கத்தரிக்கிற வேலை. பந்தலுக்கு அடியில் ஆறு பெண்கள். பேச்சு எங்கெங்கோ போய், யார் யார் சாவைத் தொட்டுவிட்டு வந்தார்கள் என்பதில் நின்றது. எல்லாம் கர்ணன் கதையால் வந்த வினை.

சாராள், ஏலக்காய் எடுக்கப் போன ஜீப் கம்பம் மெட்டு மலைப்பாதையில் உருண்டதைச் சொன்னாள். இவளுக்கு மேலே ஏழு பேர் கிடந்தார்களாம். வெளியே வந்தபோது ஒரு செருப்பு மட்டும் காலில் இருந்ததாம். இன்னொன்றைத் தேடி மறுபடி ஜீப்புக்கடியில் நுழைந்தாளாம். சிரித்து முடியவில்லை. மொக்கம்மாளுக்குக் கண்ணாடி விரியன். கடித்த காலில் கட்டுப் போடப் புதுச் சேலையைக் கிழிக்கக்கூடாது என்று கட்டினவரோடு சண்டை போட்டாளாம்.

"ஒனக்கு அப்பிடி ஏதும் உண்டா விஜி?" என்றாள் சாராள்.

இல்லை என்றேன்.

ஏன் இல்லை? 2005 ஆடி மாதம். குழம்பில் உப்புக் கூடிவிட்டது. முடியைப் பிடித்து இழுத்துப் போய்த் தோட்டத்துக் கிணற்றில் தள்ளினான். மோட்டார் குழாய் கைக்குச் சிக்கியது. பாசி வழுக்கி வழுக்கி இறங்கிக்கொண்டே இருந்தேன். மேலே நின்று குனிந்து பார்த்தான். பீடி பற்ற வைத்தான். கத்தவும் இல்லை, ஆள் கூப்பிடவும் இல்லை. நான் எப்போது கையை விடுவேன் என்று நின்றுகொண்டிருந்தான். மோட்டாரை நிறுத்த வந்த தம்பி பாண்டிதான் கயிறு போட்டு எடுத்தான். கால் வழுக்கிவிட்டது என்றான் கர்ணன். ஆமாம் என்றேன் நானும். பாண்டி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டினான்.

இதைச் சொன்னால் பந்தலுக்கடியில் யார் சிரிப்பார்கள்?

29.4.2007

கர்ணனுக்குக் கருப்பசாமி பொங்கலில் முதல் மரியாதை. சாமி தொட்டுத் திருப்பி அனுப்பிய ஆளாம். பிள்ளைகளுக்கு அவன் கையால் திருநீறு பூசிவிடுகிறார்கள். இனிமேல் கவாத்து ஆட்களுக்கு இவன்தான் மேஸ்திரி என்று சீனிச்சாமி சொல்லிவிட்டார்.

சாமி தொட்ட கை ராத்திரி என் மேல் விழும்போது முன்பைவிடக் கனமாக இருக்கிறது.

21.5.2007

ஜூன் மாதம் கீழத் தோட்டத்தில் கவாத்து. அதற்குப் பிறகு மருந்து. அதற்குப் பிறகு படையல்.

எனக்கு ஒரு நினைப்பு வந்தது. எழுதலாமா? யார் படிக்கப் போகிறார்கள்?

நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. கையைக்கூட அசைக்கப் போவதில்லை. டாக்டரம்மா சொன்னதை ஒரு தடவை சொல்லியாகிவிட்டது, அதற்குக் கூலியும் வாங்கியாகிவிட்டது. இரண்டாவது தடவை சொல்ல வேண்டும் என்று எனக்கு என்ன?

11.6.2007

தேங்காய், பூ, சூடம் வாங்க என்னை உத்தமபாளையம் அனுப்பினான். வாங்கி வந்தேன். பையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தவன், தலையைத் தூக்காமல் கேட்டான்.

"அந்த டாக்டர் பொம்பள என்னமோ சொன்னான்னு சொன்னேல்ல. என்னது அது?"

பயந்திருக்கிறான். மேஸ்திரிக்கு உள்ளே உதறல். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது, அதை மறைக்க மாட்டேன். கிணற்றுக்குள் இருந்து பார்த்தபோது அவன் முகம் எப்படித் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"குளுக்கோஸ் ஏத்தணும்னாக. வேற ஒண்ணுமில்ல."

"அதானே" என்று எழுந்து போனான்.

13.6.2007

இன்று மருந்து. காலையில் மீன் குழம்பு வைத்து ஆறு இட்லி போட்டேன். நல்லா இருக்கு என்றான். பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

நாலு மணி. தோட்டத்தில் இருந்து தகவல் இல்லை. வீட்டைக் கூட்டி, சாணி கரைத்து வாசல் தெளித்தேன். சாமான்களை ஓரமாக ஒதுக்கினேன். நாலு பேர் வந்து உட்கார இடம் வேண்டும் அல்லவா.

22.6.2007

எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் வேறு யாரிடம்?

அன்று கர்ணன் மருந்தைத் தொடவே இல்லை. மேஸ்திரி அல்லவா, வரப்பில் நின்று ஏவிக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டு ஆள் குறைந்திருக்கிறது. பாண்டிக்கு ஆள் அனுப்பியிருக்கிறான். எனக்குத் தெரியாது. தன் வேலையைப் போட்டுவிட்டு, அக்கா புருஷன் கூப்பிட்டாரே என்று வந்திருக்கிறான். காலையில் இருந்து சாயங்காலம்வரை வெறுங்கையால் மருந்து ஒற்றியிருக்கிறான்.

கர்ணன் முறையாகக் கருப்பனுக்கு ஊற்றினானாம். போன தடவை பயந்த ஆட்கள் ஆளுக்கொரு சொட்டை நாக்கில் வைத்துக்கொண்டு நழுவிவிட்டார்கள். பாண்டி குடிக்கவே மாட்டான். கல்யாணத்தில்கூடக் குடிக்காதவன். வேண்டாம் மச்சான் என்றானாம்.

"சாமி பங்க வேணாம்னு சொல்லுவியாலே? என்னையப் பாத்தேல்ல?"

ஒரு டம்ளர் நிறைய. அப்புறம் இன்னொன்று. முகம் எரிகிறது, வீட்டுக்குப் போகிறேன் என்று டி.வி.எஸ்ஸில் கிளம்பியவன் வாய்க்கால் வளைவில் மயங்கி விழுந்திருக்கிறான். முழங்கால் அளவுத் தண்ணீர். குப்புறக் கிடந்திருக்கிறான்.

கூட்டித் தெளித்து வைத்த என் வீட்டில் ஒருவரும் வந்து உட்காரவில்லை. என் தம்பி வீட்டில் உட்கார்ந்தார்கள்.

ஏலே பாண்டி, ஒரு வார்த்தைடா. ஒரே ஒரு வார்த்தை. அவன் கேட்டப்ப நான் சொல்லிருந்தா அவன் பாட்டிலையே தொட்டிருக்க மாட்டானே. இல்ல, ஒங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல. நீ அங்கன போவேன்னு நான் கனவா கண்டேன்? கண்டிருக்கணும். நீ யார் கூப்பிட்டாலும் போறவன்தான, அது எனக்குத் தெரியும்தான. நான்தான்டா ஒன்னையக் கொன்னேன்.

28.6.2007

பதினாறாம் நாள் விசேஷம். கர்ணன் பந்தியில் உட்கார்ந்து புதுக் கதை சொன்னான். தன்னை எடுக்க வந்த சாமி, போன தடவை வெறுங்கையோடு திரும்பியதாம். இந்தத் தடவை வெறுங்கையோடு போகுமா? பக்கத்தில் நின்ற மச்சினனைக் கொண்டுபோய்விட்டதாம்.

சொல்லும்போது அழுதான். நிஜமாகவே அழுதான். கூட இருந்தவர்கள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நான் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

9.7.2007

வேலைக்குப் போகவில்லை.

5.8.2007

பாண்டி பெண்டாட்டி முனீஸ்வரி வரச்சொல்லி ஆள் விட்டிருந்தாள். விசேஷம் முடிந்ததில் இருந்து தம்பி வீட்டுப் பக்கம் போகாமல் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று போனேன். மெலிந்துவிட்டாள். கைப்பிள்ளை அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் அன்று அவளிடம் இரண்டு கேள்வி கேட்டாராம். இறந்தவர் தோட்ட மருந்தைத் தொட்டாரா, அன்றைக்குக் குடித்தாரா என்று. இரண்டையும் ஏன் சேர்த்துக் கேட்டார் என்று அப்போது தோன்றவில்லையாம். இப்போதுதான் யோசிக்கிறாளாம்.

"மதினி, அண்ணன் ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீங்கதான கூட இருந்தீக. டாக்டரு ஒங்ககிட்ட ஏதும் சொன்னாகளா?"

பிள்ளை என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"நானும் அதான் நெனச்சேன். தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லாம இருப்பீகளா" என்றாள். பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டாள். எனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.