உன் தொட்டியின் பூசணம்

இன்று காலை பள்ளிக்கூடத்தில் கண்ணாடித் தொட்டியின் மூடியைத் தூக்கியதும் அந்த வாடை வந்தது. நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அது. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை முழுவதும் பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் பூசணம். இந்தப் புதுத் தொட்டியை அமைத்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. எரிச்சல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. உன் ஞாபகம் வந்தது, கூடவே பழைய பொறாமையும். நீ கண்மூடி இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. பொறாமை மட்டும் போகக் காணோம்.

சென்னையில் ஒரே விடுதியில் தங்கி, ஒரே தாவரவியலைப் படித்து, தருமபுரியில் ஒரே பெண்கள் பள்ளிக்கு வேலைக்கு வந்தவர்கள் நாம். அந்த வருஷம் தலைமை ஆசிரியை நமக்கு ஆளுக்கொரு கண்ணாடித் தொட்டி கொடுத்தார். பாதி தண்ணீர், பாதி தரை. ஆற்றங்கரையை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது யோசனை. ஒகேனக்கல் போய்க் கரை ஒதுங்கிய கட்டைகளும் பாசியும் பெரணியும் கொண்டுவந்தோம். இரண்டு கட்டைகளையும் ஒரே அண்டாவில் வேகவைத்தோம். மண் ஒன்று, கெண்டைக் குஞ்சுகள் பிடித்த குட்டையும் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று எனக்கே சந்தேகம் வரும்.

பிள்ளைகளுக்கு வரவில்லை. மணி அடித்ததும் உன் தொட்டியைத்தான் சூழ்ந்துகொள்வார்கள். உன் பாடத்தில் எனக்குப் பெரிய சிறப்பு எதுவும் தெரிந்ததில்லை. பாதி நேரம் சிரிப்பு. செடியின் பெயரை மறந்துவிட்டு, "அதான்டி, சொரசொரன்னு இருக்குமே" என்பாய். அவர்கள் அதையும் ரசித்தார்கள்.

அப்போதுதான் உன் தொட்டியில் பூசணம் பிடித்தது. என்னுடையது பளிங்காக இருந்தது. தலைமை ஆசிரியை இரண்டையும் பார்த்தார். "இன்ஸ்பெக்டரம்மா வர்றப்போ கூடத்துல ஒண்ணு இருந்தா போதும். இந்தப் பூசணத்தைக் காலி பண்ணிடுங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"வேகவெச்ச கட்டையில பூசணம் எப்படிடி வரும்?" என்று நீ முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினாய். கற்களின் இடுக்கிலிருந்து பழுப்பாக ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய். "களிடி இது!"

பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டோம். மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்ததும், தாங்கள் வாயில் வைக்கும் முன்னே ராகிக் களியில் ஒரு கிள்ளு எடுத்து மீனுக்குப் போடுகிறார்களாம். வீட்டில் காக்கைக்கு வைப்பதைப் போல.

"பாத்துக்கிட்டே இருக்குதுங்க டீச்சரம்மா" என்றாள் பென்னாகரத்துப் பெண் ஒருத்தி. "நாங்க மட்டும் எப்படிங்க தின்னறது?"

"என் தொட்டி மீனுந்தான் பாக்குது" என்றேன், விளையாட்டாகக் கேட்பவளைப் போல.

அவள் விழித்தாள். "அது உங்க தொட்டிங்களே."

"கேட்டுக்கோடி, உன் மீனெல்லாம் விரதம்!" என்றாய் நீ. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் தொட்டி கூடத்துக்குப் போனது. நீ தலைமை ஆசிரியையிடம் கெஞ்சிக் கேட்டு, உன்னுடையதைப் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் தாழ்வாரத்து மூலையில் வைத்துக்கொண்டாய். களியைப் பொறுக்கி எடுத்தாய். கட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்தாய். காற்றுப் போக மூடியை விரற்கடை திறந்து வைத்தாய். "ஒரு நாளைக்கு ஒருத்திதான் போடணும், அதுவும் கடுகத்தனை" என்று சட்டம் போட்டாய். பூசணம் தானாக அடங்கியது. இன்று யாருடைய முறை என்று அவர்கள் போடும் சண்டை கூடம் வரைக்கும் கேட்கும்.

இன்ஸ்பெக்டரம்மா என் தொட்டியின் சுத்தத்தை வாயாரப் புகழ்ந்தார். சாப்பாட்டு மணி அடிக்கும் வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. அதற்குப் பிறகு, உனக்கு வந்த பூசணம் எனக்கு வரவில்லையே என்றிருந்தது. இதை யாரிடம் சொல்வது? உன்னிடமும் சொன்னதில்லை.

இன்று இடுக்கியை எடுத்துக் கற்களுக்குப் பின்னால் நெடுநேரம் தேடினேன். பூசணத்துக்குக் காரணம் தேடுவதாகத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். களி ஒரு கிள்ளுகூட இல்லை. கட்டை சரியாக வேகவில்லை, மரத்தில் சாறு மிச்சம். அவ்வளவுதான்.

நாரால் தேய்த்து, மூடியை விரற்கடை திறந்து வைத்தேன். உன்னிடமிருந்து என் கைக்கு வந்தது அந்த அளவுதான். அவர்கள் ஏன் உன்னிடம் வந்தார்கள் என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. உன் சிரிப்பை யோசித்துப் பார்த்தேன், உன் மறதியையும். எதுவும் போதுமான விளக்கமாக இல்லை. ஐம்பதை நெருங்கும் வயதிலும், பிள்ளைகள் அப்படி என்னிடம் வர வேண்டுமென்று ஆசைப்படுகிறேன் என்பது மட்டும் தெரிகிறது.

மாலையில் பியூனைக் கூப்பிட்டு, தொட்டியை நாளை தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"அங்க வெச்சா புள்ளைங்க கைய விட்டுடுங்களே டீச்சரம்மா."

"விடட்டும்" என்றேன்.