பாவு பிடித்த கை

ஜூலை 8, செவ்வாய்

அந்தமானுக்கு இரண்டு டிக்கெட் போட்டாயிற்று! செப்டம்பர் ஐந்தாம் தேதி எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் முடிகிறது. இத்தனை வருடத்தில் இந்த மனுஷனோடு நான் போன தூரதேசம் வேளாங்கண்ணிதான். நான் வேலை செய்கிற சேலை ஷோரூமில் லீவும் சொல்லிவிட்டேன். மூச்சிரைக்க மாடியேறி வந்து, "இன்னாங்க, பிளேன்ல போறோம்" என்றால், படுத்தபடி ஃபேனைப் பார்த்துக்கொண்டே "எதுக்கு?" என்கிறார்.

எதுக்கா? வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறார், சந்தோஷமாக ஒரு வார்த்தை வந்தால் குறைந்தா போகும்? ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி மார்ச்சில் விருப்ப ஓய்வு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து இவருக்கு இருப்பது கட்டில், ஃபேன், ‘ம்’ — இவ்வளவுதான். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும் நேரத்துக்கு மட்டும் எழுந்து உட்காருகிறார். பிறகு மறுபடி படுத்துவிடுகிறார்.

ஜூலை 10, வியாழன்

இன்றும் ‘ம்’.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனைக்கு வந்தார். பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார். இது புதிதில்லை. சபையில் இவர் வாய் அசைந்து நான் பார்த்ததே இல்லை. "உங்க வூட்டுக்காரர் குரல கர்த்தர் மட்டும்தான் கேட்டிருப்பாரு" என்று போதகரின் மனைவி ஐயர் அம்மாகூட ஒரு தடவை கிண்டல் பண்ணினார்கள்.

சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து மகள் கிரேஸ் போன் பண்ணினாள். "அம்மா, பெரியப்பா மாதிரி ஆயிடப் போறாரும்மா, கொஞ்சம் பாத்துக்கோ" என்றாள். இவர் அண்ணன் அப்படித்தான். மில் வேலை நின்ற பிறகு சோறு பிடிக்கவில்லை என்றார், பேச்சு பிடிக்கவில்லை என்றார், படுத்தார். ஒரு வருடத்துக்குள் தூக்கிக்கொண்டு போனோம். நோய் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

நான் வாய்விட்டுச் சொல்லாததைக் குழந்தை சொல்லிவிட்டது. அந்தமான்தான் மருந்து. எப்படியாவது கூட்டிப்போய்விட வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

விடியுமுன் விழிப்பு வந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. கதவு திறந்து கிடக்கிறது. ஏசப்பா! மொட்டை மாடிக்கு ஓடினேன், இல்லை. கீழே ஓடி, பின்னால் இருக்கிற கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்த்தேன் என்று எழுதும்போதே பேனா நின்றுவிட்டது — நான் என்ன நினைத்து எட்டிப் பார்த்தேன்?

பால்காரர் வந்து போன பிறகு, சட்டைக் கை நனைந்துபோய், சாவகாசமாக வாசலில் வந்து நிற்கிறார். உடம்பெல்லாம் சோற்றுக் கஞ்சி வாசனை.

"எங்க போனீங்க?"

"நடந்துட்டு வந்தேன்."

கஞ்சிக்குள்ளயா நடந்தீங்க? கேட்கவில்லை. உட்கார்ந்து அழுதேன். இவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூலை 19, சனி

மறுபடியும் போனார். திரும்பி வந்து, "தொட்டுக்க காரச் சட்னி இல்லையா?" என்று கேட்டார். தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். மார்ச்சிலிருந்து என்ன போட்டாலும் பாதியில் தள்ளி வைக்கிற மனுஷன்!

ஜூலை 22, செவ்வாய்

சட்டையைத் துவைக்கப் போட்டபோது பொத்தானில் ஒரு இழை சுற்றியிருந்தது. ரோஜா நிறப் பட்டு. பட்டுச் சேலைதான் நாள் முழுக்க விற்கிறேன், பட்டு எது நூல் எது என்று எனக்குத் தெரியாதா? இது சேலையிலிருந்து வந்ததுதான்.

யாருடைய சேலை?

ஷோரூமில் சுகாசினியிடம் ஜாடையாகச் சொன்னேன். பொதுவாகச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவள் பில் போடுவதை நிறுத்திவிட்டு, "அக்கா, அம்பது வயசுக்கு மேல ஆம்பள திடீர்னு நல்லா சாப்புட்டு, தலய வாரிக்கினு, காலங்காத்தால கெளம்புறான்னா சும்மா இருக்காதுக்கா" என்றாள். தலை வாரிக்கொள்கிறார் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. ஆனால் வாரிக்கொள்கிறார். நேற்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்த ஒரு கல்யாண கோஷ்டிக்கு நான் என்ன காட்டினேன், என்ன விலை சொன்னேன், எதுவும் நினைவில்லை.

ஜூலை 24, வியாழன்

பின்னாலேயே போனேன். போர்வையை முக்காடு போட்டுக்கொண்டு, திருடி மாதிரி.

நேராகப் பின்தெருவுக்குப் போனார். அங்கே தெரு நீளத்துக்கும் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுமுன் சேலையின் நெடுக்கிழைகளை இப்படித்தான் விறைப்பாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு உலர்த்துவார்கள். வெயில் ஏறுமுன் முடிய வேண்டும், ஒரு வீட்டு ஆட்கள் போதாது. தெருவே வந்து கைகொடுக்கும். கூலி கிடையாது, ஆளுக்கு ஒரு டம்ளர் சுக்குக் காப்பி. இந்தப் பிள்ளையார்பாளையத்தில் பத்து வருடமாகக் குடியிருக்கிறோம், ஒருநாளும் யாரும் எங்களைக் கூப்பிட்டதில்லை. நெசவுக்காரர் இல்லாத வீடு, அதோடு சபைக்குப் போகிற ஆட்கள் வேறு. நாங்களும் போய் நின்றதில்லை.

இன்று பாவு ரோஜா நிறம். இவர் கடைசி முனையில், கழியைப் பிடித்துச் சாய்ந்துகொண்டு நிற்கிறார். நின்று —

பாடுகிறார்.

என் புருஷன். டேனியல். பாடுகிறார்!

தூக்கிவாரிப் போட்டது. கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். சும்மா முணுமுணுப்பு இல்லை, தெருவே கேட்கிற குரல். அதுவும் எப்படிப்பட்ட பாட்டு! எதிரே கஞ்சி தடவிக்கொண்டிருந்த பின்தெரு நெசவுக்காரர் உமாபதியைப் பார்த்து, அங்கேயே இட்டுக்கட்டி:

"உமாபதி மீசைக்கு எண்ணெ ஒரு கிண்ணம் —
அவுரு வூட்டு தோசைக்கு ஒரு சொட்டுக்கும் பஞ்சம்!"

தெருவே சிரித்தது. உமாபதியின் மனைவி பொன்னியம்மாள், "ஐயோ, நெசந்தான் சார்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இவரும் சிரித்தார், பல் தெரிய. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அது எப்போது விழுந்தது? எனக்குத் தெரியாதே.

வேறொருத்தி இருந்திருந்தால்கூடத் தலைமயிரைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். இதற்கு யாரைப் போய்க் கேட்பது? சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், சிரிக்கிறார், ஸ்தோத்திரம். ஆனால் எனக்கு ஏன்யா ஒரு வரிகூடப் பாடல? இருபத்தஞ்சு வருஷமா உன் கூடத்தானே இருக்கேன், அந்தத் தெருவுக்கு மட்டும் எங்கிருந்துய்யா வந்துச்சு குரலு?

ஜூலை 25, வெள்ளி

கேட்டுவிட்டேன். மறைக்கவில்லை, சொன்னார். படுத்துப் படுத்து முதுகு வலிக்கிறதே என்று ஒருநாள் நடக்கப் போயிருக்கிறார். பாவு நீட்டும்போது ஆள் குறைந்து, உமாபதி, "சார், சார், இத கொஞ்சம் புடிங்க" என்று யாரென்று பார்க்காமலே கழியைக் கையில் திணித்துவிட்டாராம். பிடித்தாராம். அவ்வளவுதானாம்.

"பாட்டு?"

"அது எப்புடி வந்துச்சுன்னு எனக்கே தெரியல எஸ்தரு. கழியப் புடிச்சிக்கினு நிக்கச் சொல்ல வாயில தானா வந்துடுது."

பயந்துபோனவர் மாதிரிதான் சொன்னார்.

ஆகஸ்ட் 2, சனி

பெரிய சண்டை. அந்தமான் வேண்டாமாம். "காச ஏன் கடல்ல கொட்டணும், எனக்கு இங்கியே நல்லாத்தானே இருக்குது" என்றார். உங்களுக்கு நல்லாருக்குது சாமி. எனக்கு? நான் ஒரு ஆள் இந்த வீட்டில் இருக்கிறேனா இல்லையா? சட்டியைப் போட்டு உடைத்தேன். நான்தான் பெருக்கினேன்.

கடைசியில் சரி என்றார். செவ்வாய்க்கிழமை டிராவல்ஸ் ஆள் ஆபீஸ் திறக்குமுன் விடிகாலையிலேயே ஆதார் நகல் வாங்க வீட்டுக்கு வருகிறான், அந்த நேரத்துக்கு வந்து நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இந்தத் தெருவில் இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பேன் என்று காலையில் நினைத்தேன். இப்போது ராத்திரி சாப்பாடும் ஆயிற்று. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

டிராவல்ஸ் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான். இவரைக் காணோம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. செருப்புகூடப் போடாமல் பின்தெருவுக்குப் போனேன். மாம்பழ மஞ்சளில் பாவு, உமாபதி வீட்டுடையது, அப்போதுதான் நீட்டியிருந்தார்கள். முனையைக் கயிற்றில் இழுத்துக் கட்டும்வரை கடைசிக் கழியை ஒருவர் சாய்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும், கை விடவே கூடாது. நான் பட்டுச் சேலை விற்கிறவள். ‘கையால நெய்தது மேடம்’ என்று தினமும் சொல்கிறவள். இது எனக்குத் தெரியாது.

முதுகுக்குப் பின்னால் நின்று, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து, "இன்னாங்க!" என்று ஒரு கத்து கத்தினேன்.

இவர் பதறிப்போய்த் திரும்பினார். கழியை விட்டுவிட்டார்.

மொத்தப் பாவும் சரிந்து தரையில் விழுந்தது. இழை மேல் இழை, கஞ்சியும் புழுதியுமாக. கஞ்சி தடவும் தூரிகையைப் பிடித்தவர்கள் பிடித்தபடி நின்றார்கள். உமாபதி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது திட்டுவார்கள், ‘உங்களை யார் வரச் சொன்னது’ என்பார்கள், இவரை இனிமேல் இந்தப் பக்கம் சேர்க்கமாட்டார்கள், மறுபடி கட்டிலில் போய்ப் படுத்துவிடுவார் — இவ்வளவும் ஒரே மூச்சில் எனக்குள் ஓடியது. என் கையாலேயே கெடுத்துவிட்டேனே!

பொன்னியம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "இன்னாமா அப்புடியே நின்னுக்கினு கீற? ஒக்காரு."

"அக்கா, நான் வேணும்னு —"

"அதெல்லாம் அப்புறம். பாவு யாரால சிக்கலாச்சோ அந்த வூட்டு ஆளுங்க கூட ஒக்காந்து சிக்கெடுக்கணும். நம்ம தெரு வழக்கம். புருசன் அந்தாண்ட, நீ இந்தாண்ட. ஒக்காரு, ஒக்காரு, வெயிலு வருது."

நம்ம தெரு என்றார். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஷோரூமுக்கு லீவு சொல்லவில்லை, டிராவல்ஸ் ஆளுக்குப் பதில் சொல்லவில்லை. இழையை அறுக்காமல், இழுக்காமல், நகத்தால் மெல்லத் தள்ளித் தள்ளிப் பிரிக்க வேண்டும். எனக்கு வரவேயில்லை. எதிரே இவர் உட்கார்ந்து, "புடிச்சி இழுக்காத. அது தானா எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கமா உடு" என்றார். எப்போது கற்றுக்கொண்டார் இதையெல்லாம்?

வெயில் ஏறியது, யாரும் எழுந்திருக்கவில்லை. தெருவின் குறுக்கே புடவை கட்டி நிழல் போட்டார்கள். சுக்குக் காப்பி வந்தது. உமாபதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "என் மீசைய பத்தி பாடினதுக்கு ஆண்டவன் குடுத்த தண்டன இது" என்றார். யாரோ சிரித்தார்கள். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வருகிற அளவுக்கு, கையில் இழையைப் பிடித்துக்கொண்டே. எப்போது கடைசியாக இப்படிச் சிரித்தேன்? யோசித்துப் பார்க்கிறேன், கிரேஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது.

தலை நிமிர்ந்தால் இவர் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்க்கிறார்.

"இன்னா பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

சுருக்கென்றது. இவர் எனக்குப் பாடவில்லையே என்று நான் புலம்பினேனே, இவரும் இந்தக் கணக்கை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் இருந்தாரா?

ஆகஸ்ட் 6, புதன்

விரல் நுனியெல்லாம் எரிகிறது. ஷோரூமில் மாம்பழ மஞ்சள் சேலையைப் பிரித்துக் காட்டும்போது, தினமும் சொல்கிற ‘கையால நெய்தது மேடம்’ வாயில் வரவில்லை. சுகாசினி, "அக்கா, விசயம் இன்னாச்சு? கண்டுபுடிச்சியா?" என்றாள். "கண்டுபுடிச்சிட்டேன். தெருவே உடந்தை" என்றேன். ஆடிப்போய்விட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அந்தமானை நானே ரத்து செய்தேன். கட்டியதில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள் பாவிகள். இவருக்காக விட்டுக்கொடுத்தேன் என்று எழுதினால் பொய். ஐந்தாம் தேதி விடிகாலை பொன்னியம்மாள் அக்கா வீட்டில் அடுத்த பாவு. "எஸ்தரு, நீ வந்துடு, தலப்பக்கம் ஆளில்ல" என்றார். யோசிக்காமல், "வரேங்க்கா" என்று சொல்லியிருக்கிறேன். கடலை இன்னொரு வருடம் பார்க்கலாம். அது எங்கேயும் போகாது.

இன்று சபையில் இவர் புத்தகத்தைத் திறந்தார். பாடவில்லை. ஆனால் திறந்தார்.

செப்டம்பர் 5, வெள்ளி

கல்யாண நாள். இருட்டிலேயே எழுந்து குளித்து, இருவரும் சேர்ந்தே பின்தெருவுக்குப் போனோம். கிளிப்பச்சைப் பாவு. தலைப்பக்கக் கழி என் கையில், கடைசிக் கழி இவர் கையில். நடுவில் தெரு நீளத்துக்குப் பச்சை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தபோது இவர் சின்னப் பையன் மாதிரி தெரிந்தார். கயிறு இன்னும் கட்டவில்லை. எல்லோரும் இவர் பாடுவார் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். இவரோ, வீட்டுக்காரி எதிரே நிற்கிறாளே என்று வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார்.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. நிற்கும்போது வாயில் தானாக வந்துவிடுகிறது என்றாரே, அதுதான் போலிருக்கிறது.

"டேனியலு வாயில கொழுக்கட்ட இருந்துச்சு —
இருவத்தஞ்சு வருசத்துல இப்பத்தான் கரஞ்சுச்சு!"

என் குரல்தான். தெருவே ஓவென்று கத்தியது. அந்தக் கோடியில் இவர் பேயறைந்த மாதிரி நின்றார். கண் விரிந்து, வாய் திறந்து, அந்த இல்லாத பல் தெரிந்தது.

"சார்! கழி, கழி! உட்றப் போறீங்க!" என்று உமாபதி அலறினார்.

இவர் விடவில்லை.