மங்களம் பாடாத மதியங்கள்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் பனி. கல்லூரி இருக்கும் நசரத்பேட்டை வரை பஸ் ஊர்ந்துதான் வந்தது. இன்று கலைத் தொடரின் முதல் நிகழ்ச்சி, வீணை. வருடா வருடம் பக்கத்து மேஜை ஷமீம் நடத்துவாள். நவம்பர் மழையில் அவள் இறந்துபோனபின் பொறுப்பு என் தலையில். கெமிஸ்ட்ரி எடுப்பவளுக்கும் வீணைக்கும் என்ன சம்பந்தம் என்று முதல்வரிடம் கேட்டேன். "நீங்கதான் மேடம் அவங்களுக்கு க்ளோஸ்" என்றார்.

வாங்க வேண்டியவை: பூங்கொத்து, கற்பூரம், குத்துவிளக்குக்கு எண்ணெய். பொன்னாடை போன வருடத்தது மிச்சம் இருக்கிறது.

மாலை. நன்றாகத்தான் ஆரம்பித்தது. பி.காம். ரேவதி தொகுத்து வழங்கினாள். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண், கணீரென்ற குரல். "நம்மோடு இல்லாத ஷமீம் மேடத்தையும் வருக வருக என்று வரவேற்கிறேன்" என்றாள். யார் எழுதிக்கொடுத்தார்களோ.

முடிவு வழக்கம்போல. மூன்றே முக்காலுக்குக் கல்லூரி பஸ்கள் கிளம்பியாக வேண்டும். டிரைவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் முதல்வர் பொன்னாடையோடு மேடை ஏறிவிடுவார். நம் கல்லூரியில் பொன்னாடை என்றால் போதும் நிறுத்து என்று பொருள். வீணையம்மா பாதியில் கையை எடுத்தார். கோபம் இல்லை. "உங்க மேடம் முன்னாடியே சொல்லிட்டாங்க. பெரிய உருப்படியை முதல்ல வாசிச்சிடுங்க, கடைசில டயம் தரமாட்டாங்கன்னு. நல்ல மனுஷி. வெந்நீர்கூட கொண்டுவந்தாங்க."

எந்த மேடம்? ஒப்பனை அறைக்கு நான் யாரையும் அனுப்பவில்லை. நான் கேட்டில் பூங்கொத்தோடு நின்றிருந்தேன்.

"பச்சைப் புடவை. கண்ணாடியை செயின்ல மாட்டியிருந்தாங்க."

வேறு டிபார்ட்மென்ட் ஆளாக இருக்கும். தலைவலி. வீடு திரும்ப ஐயப்பன்தாங்கலில் இறங்கும்போதுதான் உறைத்தது, நம் கல்லூரியில் கண்ணாடியைச் செயினில் மாட்டும் ஆள் ஒருத்திதான் இருந்தாள்.

ஜனவரி 9, வெள்ளி

வெயில். தெருக்கூத்து. பையன்கள் விசில். பூசை, கடவுள் வாழ்த்து, ஆட்டம் சூடு பிடிக்கும்போது ஹாரன். பொன்னாடை. திரௌபதி வேஷக்காரர் சபதத்தின் நடுவில் நிற்க, முதல்வர் அவர் தோளில் சால்வையைப் போர்த்தி போட்டோவுக்குச் சிரித்தார். வெட்கக்கேடு.

மன்னிப்புக் கேட்க ஒப்பனை அறைக்குப் போனேன். அவர் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். செய்யாறு பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள், "அந்த மேடம் எங்க? அவங்க கொடுத்த டம்ளர் இங்க இருக்குது" என்றார்.

செல்லில் ஸ்டாஃப் குரூப் போட்டோவைக் காட்டினேன். கட்டை விரலால் தொட்டார். "இவங்கதான்." ஷமீமின் முகத்தின்மேல் சிவப்புச் சாயம் ஒட்டியது.

லீவில் இருக்கிறார் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

அவர் என்னை நம்பவில்லை என்று நினைக்கிறேன். சாமான்களைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க ஆட்டத்துல ஆரம்பத்துல எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்டுவோம் மேடம். சாமி, செத்துப்போன வாத்தியாருங்க, எல்லாரையும். கடைசில மங்களம் பாடி வழியனுப்பணும். நீங்க சால்வையப் போத்தி எறக்கிட்டீங்க. வந்தவங்க எப்படிப் போவாங்க?"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பயத்தோடு சொன்னார். அவசர அவசரமாக வேனில் ஏறினார்கள்.

யோசித்துப் பார்த்தால், எத்தனை வருடமாக இந்த அரங்கில் விளக்கேற்றி, வாழ்த்துப் பாடி, வருக வருக சொல்லியிருக்கிறோம். ஒரு தடவையாவது மங்களம் பாடியிருக்கிறோமா?

ஜனவரி 12, திங்கள்

சாம்பார் சாதம். லேபில் பிப்பெட் இரண்டு உடைந்தது.

மதிய இடைவேளையில் ஒப்பனை அறையில் போய் உட்கார்ந்தேன். தனியாக. ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டியது, அவ்வளவுதான். யாரும் வரவில்லை. கோபம்கூட வந்தது. ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிகிறாள். பத்து வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்த எனக்கு இல்லை. நான் விருந்தாளி இல்லையே, அதனாலா?

திரும்பும்போது அரங்கத்தில் ரேவதி. நடு வரிசையில், இருட்டில், மேடையைப் பார்த்தபடி. வகுப்புக்குப் போகச் சொன்னேன். தலையாட்டினாள். எழவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

ரேவதியின் அம்மா போன் செய்தார். வெள்ளிக்கிழமையும் நேற்றும் பெண் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள். அப்பா ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போயிருக்கிறார். "வூட்லயும் சரியா சாப்பிடறதில்ல மேடம். யாரோ வந்திருக்காங்க, அவங்க சாப்பிடட்டும் முதல்லங்கறா. எனக்குப் பயமா கீது."

அரங்கத்துக்கு ஓடினேன். அங்கேதான் இருந்தாள். காய்ச்சல் இல்லை, கை மட்டும் ஜில்லென்று.

"வீட்டுக்குப் போ ரேவதி. நாளையிலிருந்து பொங்கல் லீவு."

"எப்படி மேடம் போறது? நான்தானே வருக வருகன்னு கூப்ட்டேன். அவங்க உக்காந்திருக்கப்ப நான் கிளம்பினா நல்லாவா இருக்கும்?"

மரியாதையாக, மெதுவாகத்தான் சொன்னாள். தோளைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். வாசலில் திரும்பி, யாரிடமோ "தோ வந்துடறேன்" என்றாள்.

ஜனவரி 17, சனி

கரும்பு மிச்சம். வீடு துடைத்தேன். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தம்.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். எம்.எஸ்ஸி. படித்தவள். பரிசோதனை என்று வைத்துக்கொண்டாலும் செய்ய வேண்டியது சுலபம்தான், கடைசி நிகழ்ச்சியில் மங்களம் பாடி முடிக்க வேண்டும். ரேவதி வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஷமீமும் போய்விடுவாள்.

அதை எழுதிய பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். அவள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடே இறங்குகிறது. கண்ணில் படாவிட்டால் என்ன, இருக்கிறாளே.

ஜனவரி 20, செவ்வாய்

ரேவதி இளைத்துவிட்டாள். லீவு முழுக்க வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இன்று முதல் ஆளாக வந்து அரங்கத்தில். சரி, தீர்மானித்துவிட்டேன். பெற்றவர்களுக்கு அவள் ஒரே பெண்.

கடைசி நிகழ்ச்சியன்று கொஞ்சம் தாமதமாக வண்டியை எடுக்கச் சொல்லி ஆவடி ரூட் டிரைவர் ஏழுமலையிடம் கெஞ்சினேன்.

"இன்னா மேடம், லேட்டா எட்தா குமணன்சாவடில லாரிங்க நட்வுல மாட்டிக்கினு நிப்பேன். பசங்க ஊட்லேர்ந்து போன் மேல போன் வரும்."

"ரேவதிக்காக ஏழுமலை."

அவர் முகம் மாறியது. "அந்தப் பொண்ணா? போன வாரம் அவ சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. ஆனா வண்டி கனமா ஓடுச்சு மேடம், ஃபுல் லோடு மாதிரி." சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "பத்து நிமிசம் நிக்கறேன். ஹாரன் அடிக்க மாட்டேன்."

ஜனவரி 23, வெள்ளி

மேகமூட்டம். கடைசி நிகழ்ச்சி, வாய்ப்பாட்டு. சின்ன வயதுப் பாடகி, இன்றே பெங்களூரில் இன்னொரு கச்சேரி.

ஏழுமலை ஹாரன் அடிக்கவில்லை. மற்ற டிரைவர்கள் அடித்தார்கள். முதல்வர் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுக்காத குறை. "டயம் ஆச்சு மேடம்" என்று என்னைத் தாண்டி ஏறிவிட்டார். கைதட்டல், ஓட்டம், பைகள். ஒரே நிமிடத்தில் அரங்கம் காலி. நடு வரிசையில் ரேவதி மட்டும்.

பாடகியின் பின்னாலேயே கார் வரை ஓடினேன். ஒரே ஒரு மங்களம், திரும்பி வாங்க என்றேன். அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அதான் அந்த மேடம் சொன்னாங்களே. நீ கவலைப்படாத, மங்களத்தை வாசு பாடிடுவான்னு. வாசுங்கறது நீங்கதானே?"

இந்தக் கல்லூரியில் நான் வாசுகி மேடம். வாசு என்று கூப்பிட்டவள் ஒருத்திதான்.

உள்ளே வந்து மேடை ஏறினேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு கற்றதோடு சரி. மைக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். நம் அரங்கத்து நாற்காலிகள் ஆள் எழுந்ததும் தானாக மடங்கிக்கொள்ளும் ரகம். எல்லோரும் போய்விட்டார்கள். ஒன்றுகூட மடங்கவில்லை. வரிசை வரிசையாக, யாரோ உட்கார்ந்த பாவனையில் விரிந்தே கிடந்தன.

பாடினேன். குரல் பிசிறியது. இரண்டாவது அடியில் பின்வரிசையில் ஒரு நாற்காலி டப்பென்று மடங்கியது. அடுத்தது. அப்புறம் வரிசையாக. அவசரமில்லாமல், கச்சேரி முடிந்து கிளம்புகிறவர்களைப் போல. ரேவதி எழுந்து நின்று, போகிறவர்களுக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டிருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "பஸ் நிக்குதா மேடம்?" என்று கேட்டுவிட்டு ஓடினாள். பழைய ரேவதி. ஏழுமலை வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

ஒரு நாற்காலி மட்டும் பாக்கி. முன்வரிசையின் ஓரம். கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் பாடினேன். எத்தனை தடவை என்று தெரியாது. நிறுத்த மனசு வரவில்லை. மூச்சு முட்டியபோது நிறுத்தினேன்.

அது மெதுவாக மடங்கியது. சத்தமே இல்லை.

சாவு வீட்டில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை என்று தெரியும். பூந்தமல்லியில் அவள் வீட்டு வாசலில்கூட அன்று வாயை மூடிக்கொண்டுதான் திரும்பினேன். இன்று முடியவில்லை. "போயிட்டு வா ஷமீம்" என்று சொல்லிவிட்டேன்.