கட்டிலுக்கு அடியில் ஒளித்த இடியப்பத் தட்டு

காணி உறுதிப் பத்திரத்தின் போட்டோப்பிரதியைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனேன். கையில் அகப்பட்டது உன் இடியப்பத் தட்டு. ஓரத்தில் அடையாளத்துக்கு நீ சுற்றிய நீல நூல் அப்படியே இருக்கிறது. பிரம்பு இடுக்கில் சிவப்பரிசி மா காய்ந்து கல்லாகிவிட்டது. "என் தட்டுல ஒண்ணு குறையுது, நீதான் எங்கயோ தொலைச்சிட்ட" என்று எத்தனை மாதம் என்னை அரித்தாய்! நானும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கடைசியில் அது என் வீட்டில்தான் இருந்திருக்கிறது. சந்தோஷமா?

அது அங்கே போன காலை நம் இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்திருக்க வேண்டும். அரசாங்க நிவாரணப் பட்டியலுக்கு வீடு பார்க்க ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டோம். என் வீட்டு அடுப்பில் இரண்டாவது ஈடு வெந்துகொண்டிருந்தது. நீ ஒரு நொடி யோசிக்கவில்லை. உரல், பானை, மா வாளி, தட்டுகள் எல்லாவற்றையும் சூட்டோடு சூடாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். விரிப்பைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டாய். வந்த அதிகாரியை, வேறு இடமே இல்லாததுபோல, அதே கட்டிலில் உட்கார வைத்தாய். அவருடைய காலுக்கிடையில் ஆவி கிளம்பியது. அவர் குனிந்து பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"பனி சார். கடுகண்ணாவையில வீட்டுக்குள்ளயே வந்துரும்" என்றாய் நீ, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வருமானம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதச் சொன்னோம். முதலில் நீ கையெழுத்துப் போட்டாய், பிறகு நான். அவர் படி இறங்கியதும் வயிறு வலிக்கச் சிரித்தோம். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அந்த வருடம் கேஸ் கிடைக்காமல் பாதி நாள் அடுப்பே எரியவில்லை. அதற்கு முன்பே என் வீட்டுக்காரருக்குக் கைகால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அந்த நிவாரணக் காசில்தான் இன்றுவரை அவருக்கு மருந்து வாங்குகிறேன்.

"சம்பாதிக்கிறத வாயால சொல்லிறாத" என்பாய். யார் கேட்டாலும், "ஏதோ ஓடுது." நீயும் நானும் சேர்ந்து பன்னிரண்டு வருடம் கொழும்பு வீதியில் இருக்கிற மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் கொடுத்தோம். காசு கைக்குக் கை. ஒரு பில் இல்லை, ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம்.

இப்போது வங்கிக்காரர்கள் என் வீட்டை ஏலம் போடப் போகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் மண்மேடு சரிந்தபோது மதில் கட்டக் கடன் எடுத்தோமே, அதுதான். என் வீட்டுக்காரருடைய சம்பளத் துண்டைக் காட்டி எடுத்த கடன். அவர் படுத்ததும் தவணைகள் தவற ஆரம்பித்தன. வங்கிக்குப் போய், "இப்ப மாசாமாசம் கட்ட என்னால முடியும், கொஞ்சம் தவணையைக் குறைச்சுத் தாங்க" என்றேன். மேசையில் இருந்த பெண் நல்ல பிள்ளை. "உங்க வருமானத்துக்கு ஏதாவது கடதாசி இருக்கா அம்மா?" என்று கேட்டாள். விடியக்காலையில் வந்து நான் பிழிவதைப் பார்க்கச் சொன்னேன். சிரித்துவிட்டு, கிராம சேவகரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கிவரச் சொன்னாள். வாங்கி வராவிட்டால் ஏலத்தை நிறுத்த வழியில்லையாம்.

கிராம சேவகர் கோப்பைத் திறந்தார். உன் விண்ணப்பமும் என் விண்ணப்பமும் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன. "இல்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இப்போது இருக்கிறது என்று நான் எப்படி எழுத?" என்று சிங்களத்தில் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சத்தியக் கடதாசியும் கடைக்காரர்களின் கடிதமும் கொண்டுவந்தால் சான்றிதழ் தரலாம், ஆனால் நிவாரணப் பட்டியலில் இருந்து பெயரை வெட்ட வேண்டிவரும் என்றார். உன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. செத்துப்போனவளைத் திட்டக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கடைக்காரர்களில் இரண்டு பேர் கடிதம் தரவில்லை. கடதாசியில் பெயர் வருவது அவர்களுக்கும் பயம், நம்மைப்போலவேதான். கணவாய்க்குப் பக்கத்துக் கடைக்காரர் மட்டும் எழுதிக் கொடுத்தார். "அந்த மத்த அம்மா சிரிப்புக் காட்டுவாங்களே" என்று உன்னைப் பற்றிக் கேட்டார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் மரணத்தைப் பதியப் போனபோது உன் புருஷனால் பேச முடியவில்லை. நான்தான் பதில் சொன்னேன். "தொழில்?" என்றார் பதிவாளர். நான் பழக்கதோஷத்தில் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார், சும்மா வீட்டுலதான்" என்றேன். அப்படியே எழுதிவிட்டார். விரல் நுனி வெந்து தோல் தடித்துப்போன உன்னை, சும்மா இருந்தவள் என்று நானே எழுத வைத்தேன். யாரிடமும் சொல்லாமல் இவ்வளவு நாள் வைத்திருந்தேன். மன்னித்துக்கொள்.

நேற்று சமாதான நீதவான் வீட்டுக்குப் போய்ச் சத்தியக் கடதாசி எழுதி வாங்கினேன். தொழில், இடியப்பம் அவித்து விற்பது. எவ்வளவு வருகிறது என்பதையும் வாய்விட்டுச் சொன்னேன். பிறகு உன் முழுப் பெயரைச் சொல்லி, அவளோடு சேர்ந்து பன்னிரண்டு வருடம் என்று எழுதச் சொன்னேன்.

"இறந்தவங்க பேரு இதுக்குத் தேவையில்லையேம்மா" என்றார்.

"அவ இல்லாம இந்தத் தொழிலே இல்லைங்க. எழுதுங்க."

எழுதினார்.

அடுத்த மாதம் நிவாரணம் நின்றுவிடும். மருந்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஏலத் திகதியும் இன்னும் மாறவில்லை. பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

உன் தட்டை ஊறவைத்துத் தேய்த்து வெயிலில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் வங்கியிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். அவர்கள் படி ஏறும் நேரம் பார்த்து அடுப்பில் வைப்பேன், மேல் தட்டாக உன்னுடையதை. வீடு முழுக்க ஆவி வரட்டும். பனி என்று சொல்ல நீ இல்லை. நானும் சொல்ல மாட்டேன்.