ஜிஷா போட்ட கையெழுத்து

கடியப்பட்டணம்
பிப்ரவரி 9

அன்பு மகன் அனிஷுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் இருக்கிற கோபத்தில் கை அதற்கு வரமாட்டேன் என்கிறது. போனில் உன் பெண்டாட்டி ஜிஷா பேரை எடுத்ததும் வைத்துவிடுகிறாய், அதனால்தான் இதை எழுதி, லீவு முடிந்து திரும்புகிற ரெஜினிடம் கொடுத்துவிடுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, ஒரு வாரமாகக் கடல் சரியில்லாமல் வள்ளம் இறக்கவில்லை. மற்ற ஊர்ச்செய்தி எழுத எனக்கு மனசில்லை.

போன வருஷம் உன் மகள் ஸ்மைலினுக்கு வலதுகை அடிக்கடி தளர்ந்து, பிடித்த டம்ளர் கீழே விழும், பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். பள்ளிக்கூடம் போக மடி பிடித்து நடிக்கிறாள் என்று ஜிஷாவிடம் நீ சொன்னாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒருநாள் பிள்ளையைத் தொடையில் அடிக்கவும் செய்தேன். விக்டோரியா டீச்சர் மட்டும்தான் கவனித்தது. பிள்ளை அழுதாலோ, சூடான சோற்றை ஊதித் தின்றாலோ, பலூன் ஊதினாலோ அதற்குப் பிறகுதான் கை விழுகிறது, இது நடிப்பு இல்லை, தலையைப் படம் எடுத்துப் பாருங்கள் என்று ஜிஷாவிடம் சொன்னார். நாங்கள் நாளைக் கடத்தினோம். ஜூலையில் நீ வீடியோவில் பிள்ளையைச் சத்தம் போட்டாய், அவள் ஏங்கி ஏங்கி அழுதாள், அழுகை நின்றபோது வாய் கோணியிருந்தது, அம்மா என்று கூப்பிடக்கூட வரவில்லை. அதற்காக உன்னைத் திட்டவில்லை மக்கா. உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

திருவனந்தபுரத்தில் டாக்டரம்மா படத்தைக் காட்டி விளக்கமாகச் சொன்னார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்கள் இரண்டு பக்கமும் உள்ளே சுருங்கிக்கொண்டு வருகிறதாம். ரத்தம் போதாமல் மூளை தானே நூல் மாதிரி புதுக்குழாய்களை முளைக்க வைக்கும், அதுதான் படத்தில் புகை போலத் தெரிகிறது, ஆனால் அவற்றுக்குப் பலம் கிடையாது, பிள்ளை அழுது வேகமாக மூச்சு வாங்கும்போது உள்ள ரத்தமும் குறைந்துபோகும் என்றார். நெற்றிப்பொட்டுப் பக்கம் தோலுக்கு அடியில் ஓடுகிற குழாயை எடுத்து மூளைமேல் வைத்துத் தைத்தால், அதிலிருந்து நல்ல குழாய்கள் உள்ளே வளரும், தாமதித்தால் அடுத்த தடவை பேச்சு திரும்பாமலே போகலாம் என்றும் சொன்னார். இவ்வளவையும் ஜிஷா உனக்குப் போனில் சொன்னாள். நீ என்ன சொன்னாய்? எல்லாம் உன் வீட்டு ரத்தம், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நீ ஒழுங்காக இருந்திருக்கமாட்டாய், கையெழுத்துப் போடாதே, கிறிஸ்மஸுக்கு வந்து நான் தீர்மானிக்கிறேன் என்றாய். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது. எல்லாம் தெரிந்த பிறகு நீ பேசிய இந்தப் பேச்சுதான் எனக்கு ஆறவில்லை. தாய் தின்றதாலும் செய்ததாலும் வருகிற நோய் இல்லை இது என்று டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு, மாமா நான் என்ன செய்யட்டும் என்று அவள் கேட்டாள். நீ போடு மக்ளே, அவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன் என்று சொன்னது நான்தான். அவள் போட்டாள். அன்றிலிருந்து அவளோடு நீ ஒரு வார்த்தை பேசவில்லை, தீர்மானிக்க வருகிறேன் என்ற கிறிஸ்மஸுக்கும் வரவில்லை. வெட்கமாக இல்லையா உனக்கு? இரண்டு பக்கமும் செய்த இரண்டு ஆபரேஷனுக்கும் பிள்ளையின் மொட்டைத்தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தனியாகத்தான் இருந்தாள்.

போன வாரம் மறுபடியும் படம் எடுத்தார்கள். முன்பு வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன. நன்றாக வளர்ந்திருக்கிறது, பயப்படவேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதும் ஜிஷா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிள்ளை இப்போது பேசுகிறாள், சில வார்த்தைகளுக்குக் கொஞ்சம் தேடவேண்டியிருக்கிறது. நேற்று என் பக்கத்தில் வந்து, பாட்டா, நான் இனி அழவே மாட்டேன்னு சொன்னா அப்பா அம்மாகிட்ட பேசுவாரா என்று கேட்டாள். எழுந்து வெளியே போய்விட்டேன். அதற்குப் பதில் சொல்லவேண்டியவன் நீ.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், நல்ல புத்தியும் தரட்டும். வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடிக்க மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்கு எல்லாரும் வீட்டில் இருப்போம். ஜிஷாவின் போனுக்குக் கூப்பிடு. என் போனை நான் அணைத்து வைத்திருப்பேன்.

இன்னும் கோபம் தீராத உன் அப்பா,
ததேயுஸ்